கண்ணில்லாத் துவக்கு

யாழ்ப்பாணத்திற் பிறந்தவனுக்குக் காடு என்பது ஆனையிறவுக்கு அப்பால் தொடங்கும் வேறொரு நாடு. குடாநாட்டினுள்ளே காடெனச் சொல்லத் தக்கது சிறிதே. பனங்கூடல் உண்டு, மணற்காட்டிலே சவுக்குத் தோப்பு உண்டு, சரசாலையிலும் தொண்டைமானாற்றுக் கரையிலும் கண்டல் உண்டு, வடமராட்சி கிழக்கின் கோடியிலே சுண்டிக்குளத்துப் பற்றைகள் உண்டு. இவற்றைக் காடென்று சொன்னால் வன்னியான் சிரிப்பான். ஆயினும் எம்மவரின் வாழ்வு அந்தப் பெருங்காட்டோடு பிணைந்தே வந்திருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழும், முத்தையன்கட்டிலும், விசுவமடுவிலும் குடியேறி, பற்றை வெட்டி, வரம்பு கட்டி மண்ணை வயலாக்கியவர்களிற் பலர் குடாநாட்டின் தோட்டக் காணிகளிலிருந்து புறப்பட்டுப் போனவர்களே. அங்கே கமம் செய்கின்றவனும், அங்கே உத்தியோகம் பார்த்துவிட்டு வார இறுதியில் ஊர் திரும்புகின்றவனும் இப்பத்திரிகையைப் படிக்கின்றனர். அவ்விருவரோடும் ஒரு விடயத்தைப் பேச வேண்டியிருக்கிறது. பேசினாற் சிலருக்குக் கசக்கும். பேசாவிட்டாற் சிலருக்குக் கால் போகும்.

காட்டைப் பற்றி எம்மவர் கொண்ட அச்சம் எக்காலத்தும் ஒரே வடிவாக இருந்ததில்லை. கண்டி வீதியில் தெற்கே போகும் வாகனம் எதுவாயினும் முறிகண்டியில் நின்று, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திய பின்பே நகரும். (இன்றைய பயணிக்கு அது கச்சான் வாங்கும் இடமாகவும் இருக்கிறது, அதனாற் பிள்ளையாருக்குக் குறைவில்லை.) காட்டின் வாயிலிலே காவல் தேடிய பழைய மனத்தின் அடையாளம் அது. யானைக்கும் கரடிக்கும் பயந்ததிலும் மேலாக அன்றைய யாழ்ப்பாணத்தவன் பயந்தது காய்ச்சலுக்கு. வன்னிக்கு மாற்றம் வந்தால் வீட்டிலே அழுகுரல் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1934, 1935-ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளை தெற்கிலும் மத்தியிலும் பெருந்தொகையான உயிர்களைக் கொண்டது. வன்னியோ ஆண்டுதோறும் ஓசையின்றித் தேய்ந்துகொண்டிருந்தது. 1946-இன் பின் டி.டி.ரீ. மருந்து வந்தது, நுளம்பை எண்ணினார்கள், குருதியைச் சோதித்தார்கள், வீடு வீடாகச் சென்றார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்று கூறியது. காட்டின் மிகப் பெரிய கொலைகாரன் ஒருவனை மனிதர் தம் உழைப்பினால் வென்ற கதை அது.

அவன் போன இடத்துக்கு வேறொருவன் வந்தான். போர் மண்ணுக்குள்ளே புதைத்துவிட்டுப் போன மிதிவெடியைச் சொல்கிறோம். கிளாலி, முகமாலை, நாகர்கோவில் எனக் குடாநாட்டின் கழுத்தைக் குறுக்கறுத்துக் கிடந்த போர்முனை 2000-ஆம் ஆண்டு தொடக்கம் 2009 தொடக்கம் வரை வெடிகளால் விதைக்கப்பட்டது. ஆயினும் அந்த அச்சத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டாயிற்று. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நாட்டப்பட்டது. வரைபடம் எழுதப்பட்டது. 2002 முதல் ஹலோ ட்ரஸ்ட் முதலிய நிறுவனங்களின் கீழ் எம்முடைய பெண்களே முழந்தாளிட்டு, மண்ணைப் பிடி பிடியாகக் கிளறி வெடிகளை எடுத்தனர். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. 2028-க்குள் நாடு முழுவதும் துப்புரவாக வேண்டும் என்பது அதன் வழி வந்த கடப்பாடு. பலகை நிற்கும் இடத்துக்கு எவரும் போவதில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஆகவே, இன்று எம்மவரிடம் “காடு ஆபத்தானதா?” என்று கேட்டால் மூன்று விடைகள் வரும். யானை என்பார் ஒருவர். பாம்பு என்பார் மற்றவர். மிதிவெடி இன்னும் இருக்குமோ என்பார் மூன்றாமவர். கூட்டமாகப் போனால் பயமில்லை என்றும் சொல்வார்கள். செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் வெருகல் கடந்து, உகந்தை கடந்து, குமுனை, யால வனங்களினூடே நாட்கணக்கில் நடக்கின்றனரன்றோ? வேலவன் காப்பான் என்ற துணிவோடு சிறுத்தையும் யானையும் திரியும் காட்டிலே படுத்துறங்குகின்றனர். காலையில் எழுந்து நடக்கின்றனர். அவர்கள் துணிவு பழுதன்று. வனவிலங்கு தன் வழியே போகின்றவனைப் பெரும்பாலும் தேடி வந்து கொல்வதில்லை.

அந்த மூன்று விடைகளிலும் வாராத நான்காவது ஒன்று உண்டு. அதன் பெயர் கட்டுத் துவக்கு.

அறியாதார்க்குச் சொல்வோம். இடியன் துவக்கு என்று நாட்டார் வழங்கும் உள்ளூர்த் துவக்கு ஓர் இரும்புக் குழாயும் ஒரு மரக்கட்டையுமே. வாய் வழியே மருந்தை இட்டு, ஈயக் குண்டோ இரும்புத் துண்டோ போட்டு, கோலினால் இடித்து இறுக்குவதால் இடியன் ஆயிற்று. அதனைத் தோளிலே தாங்கிச் சுடுபவன் வேட்டைக்காரன். அதனையே இரண்டு தடிகளில் இறுகக் கட்டி, விலங்கு வரும் தடத்துக்குக் குறுக்கே மெல்லிய நூலொன்றை இழுத்து, நூல் இடறினால் வெடிக்கும்படி பொருத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பவனை எப்பெயரால் அழைப்பது? பன்றியின் நெஞ்சுக்கு அளந்து கட்டப்படுகிறது அந்தக் குழாய். பன்றியின் நெஞ்சு இருக்கும் உயரத்திலேதான் மனிதனின் முழங்காலும் இருக்கிறது. ஆதலால், கட்டுத் துவக்கிற் பட்டவர்களுக்குக் காயம் பெரும்பாலும் காலிலேயே என்பதை இந்நாட்டு வைத்தியர்கள் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கின்றனர். துருவேறிய இரும்பும், மருந்துக் கரியும், காட்டு மண்ணும் ஒருங்கே தசைக்குட் புகுகின்றன. உயிர் தப்பினாலும் காலைக் காப்பது அரிது.

மற்றொன்று பன்றி வெடி. சிங்களத்தில் ‘ஹக்க பட்டாஸ்’ என்பர். வெடிமருந்தைக் கல்லோடும் உலோகத் துண்டோடும் சேர்த்து உருட்டி, விலங்கு விரும்பும் இரைக்குள்ளே மறைத்து வைப்பது. கடித்த வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானைக் கன்று தின்னும். தாடை நொறுங்கி, உண்ணவும் குடிக்கவும் இயலாமல் நாட்கணக்கில் நின்று சாகும். 2023-ஆம் ஆண்டு ஒன்றிலே இலங்கையில் 450-க்கும் மேற்பட்ட யானைகளும் 150-க்கும் மேற்பட்ட மனிதரும் ஒருவர் மற்றவரால் மாண்டனர். யானைச் சாவுக்குரிய முதன்மைக் காரணங்களில் இவ்வெடியும் ஒன்று. 2020 மே மாதத்திற் கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்த கருவுற்ற யானையொன்று ஆற்றுநீருக்குள் நின்றபடியே உயிர் விட்டபோது எம்மவரும் கண்ணீர் வடித்தனர். அவ்வெடியின் உடன்பிறப்பு எம் வயல் ஓரத்துப் பற்றையிற் கிடப்பதை நினைத்தவர் எத்தனை பேர்? மின்கம்பத்திலிருந்து களவாகக் கம்பி இழுத்து வேலியில் ஏற்றுவதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அதற்கு இங்கே இடமில்லை.

இவற்றுக்கு ஒரு பருவம் உண்டு, உண்மையில் இரண்டு. ஆனி, ஆடியில் நீர்நிலைகள் வற்றும்போது, எஞ்சிய மோட்டைகளைத் தேடி விலங்குகள் ஒரே தடத்தால் வரும். அத்தடத்திலே நூல் கட்டப்படும். அதே நாட்களில்தான் பாலை பழுக்கிறது. பழம் பொறுக்கவும் தேன் எடுக்கவும் ஏழைகள் காட்டுக்குட் போவதும், மடுமாதாவின் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு வனத்தின் நடுவே மக்கள் திரள்வதும் அப்பருவத்தில்தான். பின்பு மார்கழி, தையிலே காலபோக நெல் பால் பிடித்துக் கதிர் முற்றும்போது பன்றிக் கூட்டம் வயலை நாடும். அப்போது வெடி வரம்புக்கே வந்துவிடும். விடியற்புறத்தில் மாடு தேடிப் போகிறவன், விறகுக்குப் போகிற பெண், நாயை அழைத்துக்கொண்டு ஓடுகிற சிறுவன் ஆகியோர் காலுக்குக் குறுக்கே அந்த நூல் காத்திருக்கும்.

மிதிவெடிக்குப் பலகை உண்டு; வரைபடம் உண்டு; எடுத்த வெடிக்குக் கணக்கு உண்டு. கட்டுத் துவக்குக்கு என்ன உண்டு? அதைக் கட்டியவனுக்கு மட்டுமே இடம் தெரியும். விடிந்ததும் அவிழ்க்க வேண்டியவன் காய்ச்சலாற் படுத்துவிட்டாலும், பொலிசாருக்குப் பயந்து அப்பக்கம் போகாது விட்டாலும், அது அங்கேயே நிற்கும். மழை பெய்து மருந்து நனையும் வரை அதற்கு உறக்கமில்லை.

நண்பரான வைத்தியர் ஒருவர் சொன்னதை இங்கே குறிக்க வேண்டும். தொடை வரை சிதைந்த காலோடு இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார். “மரத்தால் விழுந்திட்டன் ஐயா” என்றானாம். காயத்திலிருந்து ஈயக் குண்டை எடுத்து அவன் கண் முன்னே வைத்து, “தம்பி, இது எந்த மரத்தில் காய்த்தது?” என்று கேட்டபோது அவன் அழுதான், ஆனால் பெயர் சொல்லவில்லை. கட்டியவன் அவனுடைய சிறிய தகப்பன். வெளியே வாங்கில் இருந்து விம்மிக்கொண்டிருந்தவரும் அவரே. கால் ஒரு வீட்டிற் போயிற்று. குற்றவாளியும் அதே வீட்டில் இருக்கிறார். வழக்குக்கு யார் போவது?

எம்முடைய மௌனத்தின் உள்ளமைப்பு இதுவே. கட்டுவோர் அயலூர்ப் பகைவர் அல்லர். அண்ணன், மச்சான், சம்பந்தி. யார் எத்திசையிற் கட்டுகிறார் என்பது ஊரிற் பாதிப் பேருக்குத் தெரியும். “கிழக்குப் பக்கம் போகாதை” என்று காதோடு காதாகச் சொல்வதே எம்முடைய எச்சரிக்கைப் பலகை. அந்தக் காதுக்கு வெளியே இருப்பவனுக்கு, புதிதாய்க் குடியேறியவனுக்கு, வெளியூரிலிருந்து கூலிக்கு வந்தவனுக்கு, பிள்ளைகளுக்கு, அது எட்டுவதில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலிமையானது. கமக்காரன் கேட்கிறான்: “ஆறு மாத உழைப்பைப் பன்றி ஓரிரவில் உழுதுவிட்டுப் போகிறது. நான் என்ன செய்ய?” நியாயமான கேள்வி. முன்னாளில் அனுமதிப்பத்திரத்தோடு கூடிய துவக்கு பல கமக்காரர் வீட்டிலே இருந்தது; காவற் கொட்டிலிற் கண் விழித்திருந்து வெடி தீர்த்தார்கள். போர்க் காலத்திலே வடக்கில் அந்தத் துவக்குகள் போயின. போர் முடிந்த பின்பும் தமிழ்க் கமக்காரன் துவக்குக்கு விண்ணப்பிப்பது இலகுவான காரியமன்று. கேட்பவனையே ஏற இறங்கப் பார்க்கும் காலம் இது. இன்னொரு புறம், விலங்கினாற் பயிர் அழிந்தால் நட்டஈடு கேட்டு அலைய வேண்டும். கடைசியிற் கைக்கு வருவது அலைச்சலுக்குப் போதாது. 2025 மார்ச் 15-ஆம் நாள் காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னது அரசாங்கம். எண்ணியாயிற்று, ஆனால் வயலைக் காப்பது எப்படி என்பதற்கு அந்த ஐந்து நிமிடத்தில் விடை இல்லை. சட்டப்படி காக்க வழி இல்லாத இடத்திலே சட்டத்துக்கு மாறான வழி முளைக்கிறது. இதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் கட்டுத் துவக்கெல்லாம் பயிர்க்காவலுக்கே என்று சொன்னால் அது பொய். பயிர் இல்லாத வறட்சிக் காலத்தில், வயலிலிருந்து கட்டை தூரத்திலுள்ள நீர்மோட்டையிலே எந்தக் கதிரைக் காக்கிறார்கள்? அங்கே சாகிறது மானும் மரையும். இறைச்சி வத்தலாகி, பொதியாகி, ஆனையிறவைத் தாண்டி வடக்கே வருகிறது. யாருடைய வீட்டுக்கு? வயலோரத்து ஏழை வீட்டுக்கன்று. நல்லூரிலும் கொக்குவிலிலும் உள்ள கற்றறிந்தார் வீட்டு அடுப்புக்கு. வன்னியிலே கடமையாற்றும் உத்தியோகத்தர் ஊருக்கு வரும்போது “என்ன, வத்தல் கொண்டு வந்தனீரோ?” என்று கேட்கும் பழக்கம் எம் நடுத்தர வர்க்கத்தை விட்டு இன்னும் போகவில்லை. கேட்கிறவர் சிலவேளை சட்டத்தரணி, சிலவேளை அதிபர், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருப்பவர். மரை வத்தலுக்குத் தலைநாள் விலை கொடுப்பவர் இருக்கும் வரை மோட்டைக் கரையில் நூல் கட்டுபவன் ஓயான். 1937-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் தடுக்கவில்லை, விற்பதையும் தடுக்கிறது என்பது சட்டத்தரணி அறியாததா?

இந்தச் சட்டத்தைப் பற்றி எம் மக்களுக்கு நல்லெண்ணம் இல்லை என்பதும் தெரிந்ததே. அதற்கு வரலாறு உண்டு. வெள்ளைக்காரன் ஆண்டபோது எமது காட்டைத் தன் விளையாட்டுத் திடலாக வைத்திருந்தான். குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் எழுதியவாறு, 1848-க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கு உள்ளாகவே வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. ஒவ்வொரு யானைக்கும் அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. மேஜர் ரொஜர்ஸ் என்பவன் தனியொருவனாய் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டான் என்பர். 1845-இல் அவன் இடி விழுந்து இறந்தான். துரை சுட்டால் விளையாட்டு, உழவன் சுட்டாற் களவு என்று வேட்டைக்குத் திறந்த காலமும் மூடிய காலமும் வகுத்தவர்களும் அவர்களே. போர் முடிந்த பின்பு, 2015-இல் சுண்டிக்குளம் தேசிய வனமாக்கப்பட்டு எல்லை விரிந்தபோது அக்கரையோர மக்கள் தம் காணிக்கும் தொழிலுக்கும் என்ன ஆகுமோ என்று கலங்கினார்கள். கொழும்பிலிருந்து வரும் எல்லைக்கல் ஒவ்வொன்றும் காணி பறிக்கவே வருகிறது என்ற ஐயம் வெறும் கற்பனையால் எழுந்ததன்று. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. காடும் வனவிலங்கும் பற்றி எம் மக்களின் குரலைக் கேட்க இருந்த சிறு வாயிலும் அன்று சாத்தப்பட்டது. இவை பற்றிப் பேச வேண்டும், பேசி வருகிறோம்.

ஆயினும், எம் கிராமத்துச் சிறுவனின் காலைக் கொழும்பா எடுத்தது? நூலைக் கட்டிய கை எம் கை. மத்திய திணைக்களத்தின் மேல் உள்ள வெறுப்பைக் காட்டி அந்தக் கையை மறைத்தால், நாம் கேட்கும் சுயாட்சியிலே எவன் எவனைக் காப்பான் என்று யாராவது கேட்கும்போது நாம் வாய் திறக்க முடியாது.

இங்கிலாந்திலும் இது நடந்ததுதான். செல்வர்கள் தம் வேட்டைக் காட்டிலும் தோட்டத்திலும் தானியங்கித் துவக்குகளைக் கட்டி வைத்தனர். களவாக முயல் பிடிக்க வந்த ஏழைகளும், காளான் பொறுக்க வந்த பிள்ளைகளும் அடிபட்டனர். 1825-இல் பிரிஸ்டல் நகர்ப்புறத்திலே பூந்தோட்டம் ஒன்றுக்குள் மயிலொன்று பறந்து விழுந்தது. அயலார் ஒருவருக்கு உதவியாக அதைப் பிடிக்க மதிலேறிக் குதித்த 19 வயது இளைஞனின் முழங்காலைத் துவக்கு பதம் பார்த்தது. தோட்டக்காரன் எச்சரிக்கைப் பலகை வையாதது மறதியாலன்று. பலகை வைத்தாற் கள்வன் அகப்படமாட்டான் என்பதற்காகவே. 1827-இல் பாராளுமன்றம் அத்தகைய துவக்குகளைத் தடை செய்தது. 1828-இல் நீதிமன்றம் அந்த இளைஞனுக்கே தீர்ப்பளித்தது. நேரே நின்று செய்யத் தகாததை மறைந்திருந்து கருவி வைத்துச் செய்யவும் உரிமையில்லை என்பதே அவ்வழக்கின் சாரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று மான் வேட்டைக் காலத்திற் காட்டுக்குள் நடக்கப் போகிறவர் கூடக் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் அங்கி அணிகின்றனர்; துவக்குக்குப் பின்னே ஒரு மனிதக் கண் இருக்கிறது, அது என்னைக் கண்டுகொள்ளும் என்ற நம்பிக்கையினால். எம் காட்டிலே எந்த நிற அங்கி அணிந்து போவது? நூலுக்கு நிறம் தெரியாது.

செய்ய வேண்டியது யாது? பொலிசார் தேடிப் பிடிப்பர் என்று காத்திருப்பது வீண். கட்டுவோரை ஊரறியும், பொலிசார் அறியார். ஊரே தொடங்க வேண்டும். யானை வேலியையும் பயிர் நட்டஈட்டையும் கேட்டுப் போராடும் கமக்காரர் அமைப்புகள், அக்கோரிக்கையோடு சேர்த்து, பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத் துவக்கு அமைப்பின் பொறுப்பிலே, இன்னார் இன்ன இரவிற் கொண்டு போனார் என்று ஏட்டில் எழுதி வழங்கப்பட வேண்டும் எனக் கேட்கட்டும். அப்படிக் கேட்கும் தகுதி வேண்டுமானால் கட்டுத் துவக்கு தம் எல்லைக்குள் இல்லை என்று முதலில் அவர்கள் சொல்லக்கூடியவராக வேண்டும். வைத்தியசாலைகள் இக்காயங்களைத் தனியாகக் கணக்கெடுத்து மாவட்டந்தோறும் வெளியிடட்டும். எண்ணாத காரணத்தாலேதான் யானையைக் கண்டு நடுங்கும் ஊர் நூலைக் கண்டு நடுங்காதிருக்கிறது. பாடசாலைகளிலே மிதிவெடி பற்றிச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் அதே பாடத்திலே நூலைப் பற்றியும் சொல்லலாம்: பற்றைக்கு நடுவே முழங்கால் உயரத்திலே நூலோ கம்பியோ கண்டால் தொடாதே, வந்த அடியே திரும்பி வா, பெரியவரிடம் சொல். யாழ்ப்பாணத்துக் கற்றவர்களிடம் கேட்பது சிறிது: வத்தல் கேட்பதை நிறுத்துங்கள், கொண்டு வந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

காலபோகத்துக்கு முன் குளங்கள்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். விதைக்கும் நாளும், நீர் திறக்கும் நாளும், கட்டாக்காலி மாடுகளைக் கட்ட வேண்டிய நாளும் அங்கே தீர்மானமாகிப் பதியப்படும். கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒரே மண்டபத்தில் இருக்கும் நாள் அது. இவ்வாண்டுக் கூட்டத்திலே யாராவது ஒருவர் எழுந்து, துவக்கு அவிழ்க்கும் நாள் ஒன்றையும் அதே ஏட்டிலே பதியும்படி கேட்கட்டும். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அதனை ஆமோதிக்கட்டும்.